எலி, காக்கை, டெல்டா: கைத்தசைகளுக்குப் பெயர் வந்த கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்முக்குப் போகிறவர்கள், பிசியோதெரபி படிப்பவர்கள், ஸ்கேன் அறிக்கையைப் புரட்டிவிட்டு ஒன்றும் புரியாமல் விழிப்பவர்கள், தமிழ்வழியில் உயிரியல் நடத்தும் ஆசிரியர்கள் ஆகியோர் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தோளிலிருந்து விரல் நுனிவரை உள்ள தசைகளின் பெயர்கள் மட்டுமே பேச்சு. இவற்றில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்கச் சொற்கள். மனப்பாடம் செய்யச் சொன்னதால்தான் இவை மிரட்டுகின்றன. பிரித்துப் பார்த்தால், யாரோ ஒருவர் உடம்பை உற்றுப் பார்த்து வைத்த எளிய பெயர்தான் ஒவ்வொன்றும்.

‘மசில்’ என்றால் எலி என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். லத்தீனில் ‘மூஸ்’ என்றால் எலி. ‘மூஸ்குலுஸ்’ என்றால் குட்டி எலி. முழங்கையை மடக்கி விறைத்தால் தோலுக்கு அடியில் ஒன்று திரண்டு மேலே ஏறுகிறது. கையை நீட்டினால் ஓடி ஒளிந்துகொள்கிறது. அந்த அசைவைப் பார்த்துத்தான் எலி என்றார்கள். ரோமானியர்கள் மட்டுமல்ல, கிரேக்கர்களும் ‘மீஸ்’ என்ற ஒரே சொல்லால் எலியையும் தசையையும் குறித்தார்கள். இதயத் தசையைக் குறிக்கும் ‘மயோகார்டியம்’, தசைவலியைக் குறிக்கும் ‘மயால்ஜியா’ இரண்டிலும் முன்னால் நிற்பது அந்த எலிதான்.

ரஷ்ய மொழியில் எலிக்கு ‘மிஷ்’, தசைக்கு ‘மிஷ்த்சா’. ஒரு பொருளை அக்குளில் இடுக்கிக்கொண்டான் என்று ரஷ்யர்கள் சொல்லும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘குட்டி எலிக்குக் கீழே’ வைத்துக்கொண்டான் என்று வரும். டச்சு மொழியில் கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதைமேட்டுக்கே எலி என்று பெயர். ஆங்கிலத்தில் ‘மஸல்’ என்று ஒலிக்கும் கடல் சிப்பி வகைக்கும் இதே ‘மூஸ்குலுஸ்’தான் மூலம், எழுத்து மட்டும் பிற்காலத்தில் பிரிந்தது.

சமஸ்கிருதத்தின் ‘மூஷ’, ‘மூஷிக’ என்பவையும் இந்த ‘மூஸ்’ பிறந்த வேரிலிருந்தே வந்தவை. ஆகவே பிள்ளையாரின் மூஷிக வாகனமும் ஜிம் மாஸ்டர் சொல்லும் மசிலும் சொல்வழியில் தூரத்துச் சொந்தம். தமிழின் ‘எலி’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

தமிழில் இப்படி உயிரினத்தின் பெயரால் அழைக்கப்படும் தசை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் காலில். கெண்டைக்கால் என்கிறோமே, அந்தக் கெண்டை மீன்தான். நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய அந்தச் சதை, கெண்டை மீனைப் போலவே தோலுக்குள் புரளும். ‘கெண்டை பிரண்டுவிட்டது’ என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரோமானியர்கள் கையில் எலியைக் கண்டார்கள், நம்மவர்கள் காலில் மீனைக் கண்டார்கள். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் வாழ்ந்தவர்களுக்கு மீன்தானே முதலில் கண்ணில் படும்!

லத்தீனில் இன்னொரு உயிரினமும் கைக்குள் இருந்தது. பருத்த மேற்கைக்கு ‘லசெர்டுஸ்’ என்பார்கள். அதே சொல் பல்லி இனத்துக்கும் உண்டு. முழங்கை மடிப்பின் முன்புறம், மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸிலிருந்து பிரிந்து பரவும் மெல்லிய பட்டையை உடற்கூற்றியலார் இன்றும் ‘லசெர்டஸ் ஃபைப்ரோசஸ்’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பட்டைக்குப் பழைய பிரெஞ்சில் ‘கடவுள் புண்ணியம்’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அந்நாளில் நோய் தீர்ப்பதற்காக முழங்கை மடிப்பில் இருக்கும் சிரையைக் கீறி இரத்தம் வடிப்பார்கள். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் கீழே தமனி. நடுவில் இந்தப் பட்டை இருந்து காத்ததால் அந்தப் பெயர்.

தசை, சதை, நார், நாண், நரம்பு: எது எதைக் குறிக்கும்?

அன்றாடம் அதிகம் குழப்பம் தருவது இந்த ஐந்து சொற்கள்தான். எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தசை, சதை இரண்டும் ஒரே சொல். எழுத்து இடம் மாறியதால் சதை ஆனது. எழுத்தில் தசை என்றும் பேச்சில் சதை என்றும் நின்றுவிட்டன. பழத்தின் சதைப்பற்றும் இதே சொல்தான்.

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்மையான கயிற்றுப் பகுதியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தசைநாண் என்கின்றன. எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். நாண் என்றால் வில்லில் கட்டும் நாண். ஆங்கிலத்தில் அதே உறுப்புக்கு வழங்கும் ‘டெண்டன்’ என்ற சொல்லுக்கும் இழுத்துக் கட்டுதல், விறைத்தல் என்ற பொருளுடைய வேர்தான். தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் நாண் என்று தேர்ந்தது மிகச் சரியான தேர்வு. அந்த உறுப்பு செய்கிற வேலை பெயரிலேயே தெரிகிறது.

நரம்பு என்ற சொல்லில்தான் சிக்கல். பாடநூலில் நரம்பு என்றால் மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் இழை. பேச்சில் அப்படியில்லை. ‘கழுத்து நரம்பு இழுத்துப் பிடிச்சிருக்கு’ என்பார்கள். பிடித்திருப்பது பெரும்பாலும் தசை. ‘நரம்பு புடைக்கக் கத்தினான்’ என்பார்கள். புடைப்பது இரத்தக் குழாய். ‘ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை’ என்பார்கள், தேடுவது சிரை. யாழில் கட்டியதும் நரம்புதான். இழுத்துக் கட்டிய இழை எதுவாக இருந்தாலும் தமிழர் வாயில் அது நரம்பு.

இதை மக்களின் அறியாமை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கிரேக்கத்தின் ‘நியூரான்’ என்ற சொல்லும் முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்ததுதான். செய்தி கடத்தும் இழைக்கு அந்தப் பெயர் நிலைத்தது பிற்பாடு. வெட்டிப் பார்த்தால் இரண்டும் வெண்ணிறக் கயிறுகளாகவே தெரியும், ஒரே பெயர் விழுந்ததில் வியப்பில்லை. மருத்துவரிடம் போகும்போது மட்டும் ‘நரம்பு வலிக்கிறது’ என்று நிறுத்திவிடாமல், மரத்துப்போகிறதா, சுரீரென்று ஓடுகிறதா, கையை அசைத்தால் வலிக்கிறதா என்று சேர்த்துச் சொல்லுங்கள். நரம்பு வலியா தசை வலியா என்று அவர் பிரித்தறிய அதுதான் உதவும்.

பைசெப்ஸ் என்றால் என்ன பொருள்?

இரண்டு தலை உடையது. ‘பை’ என்றால் இரண்டு, ‘கபுட்’ என்றால் தலை. இந்தக் ‘கபுட்’டிலிருந்துதான் ‘கேப்டன்’ என்ற சொல்லும் வந்தது. தமிழில் தலையிலிருந்து தலைவர் வந்த அதே வழி.

பழைய உடற்கூற்றியலார் ஒரு தசையை முழு விலங்காகவே பார்த்தார்கள். தொடங்கும் முனை தலை, பருத்த நடுப்பகுதி வயிறு, போய்ச் சேரும் முனை வால். பைசெப்ஸுக்குத் தலை இரண்டு. நீளத்தலை தோள்மூட்டுக் குழிக்கு மேல்விளிம்பில் தொடங்கி, மேற்கை எலும்பிலுள்ள ஒரு பள்ளத்தின் வழியாக இறங்குகிறது. குட்டைத்தலை தோள்பட்டை எலும்பின் கொக்கி போன்ற முனையில் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வயிறாகச் சேர்ந்து, முழங்கையைத் தாண்டி முன்கையின் ஆர எலும்பில் பிடிக்கின்றன. பாடநூல் கணக்கில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மூன்றாவது தலையும் இருக்கும். அவர்களுக்கும் பெயர் என்னவோ இருதலைத் தசைதான்.

இந்தச் சொல் தசைக்காகப் பிறந்ததல்ல. முன்னும் பின்னும் முகம் கொண்ட ஜானுஸ் என்ற ரோமானியக் கடவுளை லத்தீன் கவிஞர் ஓவிட் ‘பைசெப்ஸ்’ என்று விளிக்கிறார். ஜனவரி மாதத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஜானுஸ்.

தொடையின் பின்புறத்திலும் ஒரு பைசெப்ஸ் உண்டு. அதனால்தான் மருத்துவ அறிக்கையில் கையில் இருப்பதை ‘பைசெப்ஸ் பிரேக்கை’ என்று முழுப்பெயரால் எழுதுகிறார்கள்.

ஒரு கையில் இருப்பது ‘பைசெப்’, இரண்டு கைக்கும் சேர்த்து ‘பைசெப்ஸ்’ என்று சொல்லலாமா?

கடைசியில் வரும் ‘ஸ்’ பன்மை விகுதி அல்ல. அது சொல்லோடு ஒட்டிய பகுதி. ஒரு கையில் இருப்பதும் பைசெப்ஸ்தான். லத்தீன் பன்மை ‘பிசிபிட்டெஸ்’ என்று வரும், அதை யாரும் சொல்வதில்லை. ஆங்கிலம் பேசுபவர்களே ‘ஸ்’ஸைப் பன்மை என்று எண்ணி ‘பைசெப்’ என்று வெட்டிக்கொண்டார்கள். இன்று அது பேச்சில் ஊறிவிட்டது. ஜிம்மில் எப்படிச் சொன்னாலும் குற்றமில்லை. தேர்வுத்தாளில் ‘பைசெப்ஸ்’ என்றே எழுதுங்கள்.

ட்ரைசெப்ஸ்?

மூன்று தலை. பாதாள வாசலைக் காக்கும் செர்பெரஸ் என்ற மூன்று தலை நாயை லத்தீன் எழுத்தாளர்கள் ‘ட்ரைசெப்ஸ்’ என்றே குறித்தார்கள். மேற்கையின் பின்புறம் முழுவதும் இதுதான். முழங்கையை நீட்டும் வேலை இதனுடையது. மேற்கைத் தசைப் பருமனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ட்ரைசெப்ஸ் என்பதால், கை பருமனாக வேண்டும் என்று பைசெப்ஸை மட்டும் பயிற்சி செய்பவர்களை மாஸ்டர்கள் திருத்துவது நியாயமே.

‘ஆர்ம்ஸ் காட்டு’ என்கிறோமே, அது கையா ஆயுதமா?

கைதான். தோளிலிருந்து மணிக்கட்டுவரை உள்ள கையை ஆங்கிலத்தில் ‘ஆர்ம்’ என்பார்கள். தமிழ்ப் பேச்சில் அது சுருங்கி, புடைத்த பைசெப்ஸை மட்டும் குறிக்கும் ‘ஆர்ம்ஸ்’ ஆகிவிட்டது. ஆயுதத்தைக் குறிக்கும் ‘ஆர்ம்ஸ்’ வேறு வழியில், லத்தீனின் ‘ஆர்மா’விலிருந்து பிரெஞ்சு மூலம் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் இரண்டையும் பின்னோக்கித் தொடர்ந்தால், பொருத்துதல், இணைத்தல் என்ற பொருளுடைய ஒரே பழைய வேரில் போய் முட்டும். உடலோடு பொருந்தியது ஒன்று, உடலில் பொருத்திக்கொள்வது மற்றொன்று.

தோள்தசையான டெல்டாய்டுக்கும் காவிரி டெல்டாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இரண்டுக்கும் பெயர் கொடுத்தது கிரேக்க எழுத்தான டெல்டா (Δ). முக்கோண வடிவிலான அந்த எழுத்து, ஃபினீசியரின் ‘தாலெத்’ என்ற எழுத்திலிருந்து வந்தது. அச்சொல்லுக்குக் கதவு என்று பொருள். நைல் நதி கடலில் கலக்குமுன் விரிந்து பரவும் நிலத்தைக் கிரேக்கர்கள் டெல்டா என்றார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அப்படி எழுதியிருக்கிறார். பிறகு எல்லா ஆற்றுக் கழிமுகங்களுக்கும் அது பொதுப்பெயர் ஆனது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் ‘டெல்டா மாவட்டங்கள்’ ஆனதும் அதன் தொடர்ச்சிதான்.

தோளை மூடியிருக்கும் தசை மேலே அகன்று, மேற்கை எலும்பின் நடுப்பகுதியில் ஒரு முனையாக ஒடுங்குகிறது. எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம். வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும்படி நைல் டெல்டாவைப் பார்த்தாலும் அகலம் மேலே, முனை கீழே என்றே தெரியும். ‘டெல்டாய்டு’ என்றால் டெல்டா வடிவானது, அவ்வளவுதான். கொரோனா தடுப்பூசியை நம் எல்லாருக்கும் இந்தத் தசையில்தான் போட்டார்கள்.

கொராகோபிரேக்கியாலிஸ் என்ற பெயரில் காக்கை எங்கிருந்து வந்தது?

தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் ஒரு வளைந்த முனை நீண்டிருக்கும். காறை எலும்புக்குக் கீழே, தோள் பக்கமாக விரலை வைத்து அழுத்தினால் கடினமாகத் தட்டுப்படும். அது காக்கையின் அலகு போல வளைந்திருப்பதால் ‘கொராகாய்டு’ என்றார்கள். கிரேக்கத்தில் ‘கோராக்ஸ்’ என்றால் அண்டங்காக்கை. அந்த அலகில் தொடங்கி மேற்கை எலும்பில் முடிவதால் கொராகோ–பிரேக்கியாலிஸ். தமிழில் ‘காக்கையலகு–புயத் தசை’ என்று சொன்னால் மாணவருக்கு ஒரு நொடியில் படம் வந்துவிடும். வகுப்பில் கிரேக்கப் பெயரோடு இதையும் சேர்த்துச் சொல்லும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

‘பிரேக்கியாலிஸ்’, ‘பிரேக்கியோரேடியாலிஸ்’ என்பவை?

‘பிரேக்கியம்’ என்றால் லத்தீனில் கை, சிறப்பாக மேற்கை. கிரேக்கத்தின் ‘பிராகியோன்’ வழி வந்தது. குட்டையானது என்ற பொருளுடைய சொல்லோடு அதை இணைப்பது மரபு. முன்கையைவிட மேற்கை குட்டை என்ற கணக்கு. கையில் போடும் பிரேஸ்லெட் இந்தச் சொல்லின் பேத்தி.

பிரேக்கியோரேடியாலிஸில் பிற்பாதி ‘ரேடியஸ்’. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலுக்கு லத்தீனில் அந்தப் பெயர். முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் உள்ளது ரேடியஸ். உள்ளங்கையைப் புரட்டும்போது மற்றொன்றின் மேல் உருண்டு குறுக்கே வருவது இதுதான். தமிழில் ஆர எலும்பு என்று எழுதுகிறோம். கணக்குப் பாடத்தில் வட்டத்தின் ஆரம் படித்தோமே, அதுவும் சக்கரத்தின் ஆரக்காலும் ஒரே சொல். லத்தீனில் எலும்பு, கணிதம், சக்கரம் மூன்றையும் ஒரு சொல் சுமப்பது போலத் தமிழிலும் ஒரு சொல் சுமக்கிறது.

மற்ற எலும்பு ‘அல்னா’. அதற்குத் தமிழில் பெயர் இல்லையா?

பாடநூல்கள் அல்னா என்றே விட்டுவிட்டன. லத்தீனில் அல்னா என்றால் முழங்கை. துணி அளக்கும் ஓர் அளவுக்கும் அதே பெயர். ஆங்கிலத்தின் ‘எல்போ’வில் உள்ள ‘எல்’ என்பதும் அந்தக் குடும்பம்தான். அதுவும் ஒரு நீள அளவு. நாமும் முழங்கை என்கிறோம், அதன் நீளத்தை முழம் என்கிறோம். பூ விற்கும் அம்மா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரத்தை நீட்டி அளப்பது அந்த முழம்தான். ஆகவே அல்னாவை முழவெலும்பு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. பாடநூலில் இல்லாத சொல் என்பதால் தேர்வில் எழுத வேண்டாம்.

முழங்கையின் பின்புறம் ட்ரைசெப்ஸை ஒட்டி ‘ஆன்கோனியஸ்’ என்ற சிறு தசை உண்டு. கிரேக்கத்தில் ‘ஆன்கோன்’ என்றால் முழங்கை. கடற்கரை முழங்கை போல மடிந்திருக்கும் இடத்தில் கிரேக்கர்கள் குடியேறிய இத்தாலியத் துறைமுகம் ‘ஆன்கோனா’வுக்கும் அதே பெயர்.

சூப்பினேட்டர், புரோனேட்டர் இரண்டும் எப்போதும் குழம்புகின்றன. ஞாபகம் வைக்க வழி?

கோயிலில் விபூதி வாங்கக் கையை நீட்டுங்கள். உள்ளங்கை வானம் பார்க்கிறது. அப்படித் திருப்புவது சூப்பினேட்டர். ‘சுபினுஸ்’ என்றால் மல்லாந்தது. ஆசி வழங்கப் பெரியவர் தலைமேல் கை வைக்கிறார். உள்ளங்கை நிலம் பார்க்கிறது. அப்படித் திருப்புவது புரோனேட்டர். ‘புரோனுஸ்’ என்றால் குப்புறக் கவிழ்ந்தது. மல்லாத்தும் தசை, கவிழ்க்கும் தசை என்று தமிழில் சொல்லிப் பழகினால் பிறகு குழம்பவே மாட்டீர்கள்.

இங்கே பைசெப்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முழங்கையை மடக்குவதோடு, மடங்கிய நிலையில் உள்ளங்கையை மல்லாத்துவதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு. வலது கையால் திருகாணியை முறுக்கி இறுக்கும்போது இடது கையால் பைசெப்ஸைத் தொட்டுப் பாருங்கள், ஒவ்வொரு திருகலுக்கும் திரண்டு எழும்.

‘பால்மாரிஸ் லாங்கஸ்’ எனக்கு இல்லை என்கிறார் பிசியோ. குறையா?

குறையே இல்லை. இது முன்கையில் உள்ள ஒரு மெல்லிய தசை. கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்நோக்கி மடக்குங்கள். நடுவில் ஒரு நாண் கயிறாகப் புடைத்தால் உங்களுக்கு அது இருக்கிறது. உலக அளவில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கு இல்லை என்பது பாடநூல் கணக்கு. மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் இந்த விகிதம் நிறையவே மாறும். ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமலும் போகலாம். பிடிமானம் குறைவதில்லை. அதனால்தான் வேறிடத்தில் அறுந்த நாணுக்குப் பதிலாக ஒட்டுவைக்க அறுவை மருத்துவர்கள் இதை எடுத்துக்கொள்கிறார்கள்.

பெயரின் பொருள் ‘உள்ளங்கைக்குரிய நீளத் தசை’. லத்தீனில் ‘பால்மா’ என்றால் உள்ளங்கை. விரித்த கை போன்ற ஓலைகளைப் பார்த்து பனைக்குடும்ப மரங்களுக்கும் ‘பால்மா’ என்றே பெயர் விழுந்தது. போர்த்துகீசியர் அதிலிருந்து ‘பல்மெய்ரா’ என்றார்கள். அந்தச் சொல்லால் நம் பனைமரத்தைக் குறித்தார்கள். ஆங்கிலத்தில் அது ‘பல்மைரா’ ஆனது. யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் நிற்கும் பனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்குள் ஓர் உள்ளங்கை விரிந்திருக்கிறது.

விரல்களை அசைக்கும் தசைகளின் பெயர்கள்?

விரலுக்கு ‘டிஜிட்டுஸ்’. விரல்விட்டு எண்ணியதால் எண் இலக்கத்துக்கு ‘டிஜிட்’, அதிலிருந்து இன்றைய டிஜிட்டல். கட்டைவிரலுக்கு ‘பொல்லெக்ஸ்’, பெயர்களில் ‘பொலிசிஸ்’ என்று வரும். ஆள்காட்டி விரலுக்கு ‘இண்டெக்ஸ்’, அதாவது சுட்டுவது. நம் சுட்டுவிரலும் அதுதானே.

விரல்களை மடக்கும் இரண்டு பெரிய தசைகள் முன்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பதன் நாண் ஒவ்வொரு விரலிலும் இரண்டாகப் பிளந்து வழிவிடும். அடியில் இருப்பதன் நாண் அந்தப் பிளவுக்குள் நுழைந்து விரல் நுனிக்குப் போகும். பழைய நூல்கள் இவற்றை ‘துளைக்கப்பட்டது’, ‘துளைப்பது’ என்று பெயரிட்டிருந்தன. இன்றைய பெயர்கள் ‘மேலோட்டமானது’, ‘ஆழமானது’ என்று மாறிவிட்டன. பழைய பெயர்களே எனக்கு மேலானவையாகத் தோன்றுகின்றன. அந்த அமைப்பின் அழகை அவை ஒரே சொல்லில் காட்டின.

உள்ளங்கைக்குள் நான்கு மெல்லிய தசைகள், பெயர் ‘லம்ப்ரிக்கல்’. ‘லம்ப்ரிகுஸ்’ என்றால் மண்புழு. பார்க்க அப்படித்தான் இருக்கும். எலும்பில் ஒட்டாமல் நாணில் தொடங்கி, விரலின் பின்புறம் நாண் பரந்து விரியும் பகுதியில் முடியும் விசித்திரத் தசைகள் இவை. நுணுக்கமான விரலசைவுக்கு உதவுவதால் இவற்றுக்கு ‘நரம்பிசைக் கருவி மீட்டுவோர் தசை’ என்ற பொருளில் இன்னொரு பழைய பெயரும் இருந்தது.

கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும். அதற்குப் பெயர் மூக்குப்பொடிக் குழி. ஐரோப்பாவில் அதில் பொடி வைத்து உறிஞ்சியதால் வந்த பெயர். இடறி விழுந்து கை ஊன்றியபின் அந்தக் குழியில் அழுத்தினால் வலித்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சிறு எலும்பு முறிந்திருக்கலாம்.

இந்தப் பெயர்களை யார் வைத்தார்கள்?

ஒருவர் அல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் வாள்வீரர்களுக்கு மருத்துவராக இருந்த காலென், தசைகளைப் பற்றி நிறைய எழுதினார். மனித உடலை அறுத்துப் பார்க்க அன்று வழியில்லை. குரங்குகளை அறுத்தே எழுதினார். பல தசைகளுக்கு அவரிடம் தனிப்பெயர் கிடையாது. 1543இல் உடற்கூற்றியலாளர் வெசேலியஸ் மனித உடலைப் பார்த்து வரைந்த பெருநூல் வெளியானது. அதிலும் ‘இந்த உறுப்பை அசைக்கும் முதல் தசை, இரண்டாம் தசை’ என்று எண்கள்தான் அதிகம். அடுத்து வந்தவர்கள் வடிவம், தலைகளின் எண்ணிக்கை, இடம், வேலை ஆகியவற்றைப் பார்த்துப் பெயரிட்டார்கள். ஆளுக்கொரு பெயர் பெருகி, ஒரே தசைக்குப் பல பெயர் வந்தது. 1895இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜெர்மன் உடற்கூற்றியலார் கூடிப் பெயர்களை ஒழுங்குபடுத்தினார்கள். இன்று பின்பற்றப்படும் பன்னாட்டுப் பட்டியலின் அடிப்படை 1998இல் வந்தது.

இந்தியாவில் சுஸ்ருதர் மரபு 500 தசைகள் என்று எண்ணியது. கைகால்களில் மட்டும் 400. பெயரிடுவதைவிட எண்ணுவதில் அது அக்கறை காட்டியது.

தமிழில் இந்தப் பணியைத் தொடங்கியவர்களில் மறக்கக் கூடாதவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார், தமிழ் கற்றார், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலை அவர் காலத்து நூல்கள் ‘அங்காதிபாதம்’ என்றன. மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்பவர்களுக்கு அந்த மானிப்பாய் மாணவர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை சொல்லிவிட்டார்கள்.

தோள், புயம், புஜம், பாகு: நம் பழைய சொற்கள் எதைச் சுட்டின?

தோள் தமிழ்ச் சொல். இன்று கழுத்தோரத்து மூட்டுப்பகுதியைச் சொல்கிறோம். பழைய வழக்கில் மேற்கை முழுவதும் தோள்தான். ‘பணைநீங்கிப் பைந்தொடி சோரும் துணைநீங்கித் தொல்கவின் வாடிய தோள்’ என்கிறது குறள். பிரிவுத் துயரில் தோள் மெலிந்து தொடி கழன்று விழுகிறது. மூட்டிலிருந்து வளையல் கழலாது, மேற்கையிலிருந்துதான் கழலும். தோளுக்கு மூங்கிலை உவமித்ததும் அந்த நீளத்தைப் பார்த்துத்தான். மற்போருக்கு அழைப்பவன் தோள் தட்டுவதும் மேற்கையில்தான். அந்த மற்போரின் மல்லன் என்ற சொல்தான் நரசிம்மவர்மப் பல்லவனின் மாமல்லன் என்ற பட்டத்திலும், மாமல்லபுரம் என்ற ஊர்ப்பெயரிலும் இருக்கிறது.

புயம், புஜம் இரண்டும் சமஸ்கிருத ‘புஜ’விலிருந்து வந்தவை. மடங்குதல், வளைதல் என்ற பொருளுடைய வேர். வளைந்து செல்வதால் பாம்பு புஜங்கம், அதிலிருந்து புஜங்காசனம். மடங்குவது என்று கைக்குப் பெயர் வைத்தவர்கள் பைசெப்ஸின் வேலையை நேராகவே பார்த்திருக்கிறார்கள்.

பாகு, வாகு என்பவை ‘பாஹு’விலிருந்து. ஆஜானுபாகு என்றால் முழந்தாள்வரை நீண்ட கை உடையவன். பேச்சில் வாட்டசாட்டமான ஆள் என்று பொருள் விரிந்துவிட்டது. சிரவணபெளகொளாவில் நிற்கும் சமண முனிவர் பாகுபலியின் பெயருக்குக் கைவலிமை உடையவர் என்று பொருள். முன்கையைக் குறிக்கும் கிரேக்கத்தின் ‘பேகுஸ்’ இதே வேரின் கிளை.

‘சாண்டோ’ என்பதும் தசையோடு தொடர்புடைய சொல்லா?

அது ஓர் ஆளின் பெயர். யூஜின் சாண்டோ, 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். இயற்பெயர் ஃபிரெடரிக் மியூல்லர். திரண்ட உடலைக் காட்டுவதையே ஒரு கலையாக்கி உலகைச் சுற்றினார். 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் உடற்கட்டுப் போட்டி நடத்தினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்துபோனார். அதன்பின் இங்கே பயில்வான்களுக்கு ‘சாண்டோ’ ஒரு பட்டம் ஆயிற்று. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் எல்லாருக்கும் தெரிந்தவர். கையில்லாத பனியனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜிம்மில் பைசெப்ஸ் என்பதா, இருதலைத் தசை என்பதா?

ஜிம்மில் பைசெப்ஸ். அங்கே எல்லாரும் அறிந்த சொல் அது. மாற்றிச் சொன்னால் பயிற்சி தடுமாறும். வகுப்பறையில் இருதலைத் தசை, முத்தலைத் தசை என்று கட்டாயம் சொல்ல வேண்டும். பொருள் தெரிந்து படித்த மாணவர், தலை எங்கே தொடங்குகிறது என்று அடுத்த கேள்வியைத் தானே கேட்பார். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி போன்ற சொற்கள் நம்மிடம் உயிரோடு இருக்கும்போது அவற்றை விட்டுவிடத் தேவையில்லை.

அறிக்கையில் நீளமான பெயர் வந்தால் நானே பிரித்துப் படிக்க முடியுமா?

முடியும். சில சொற்கள் போதும். ‘ஃபிளெக்சர்’ மடக்குவது, ‘எக்ஸ்டென்சர்’ நீட்டுவது. ‘கார்ப்பை’ மணிக்கட்டுக்குரியது, ‘டிஜிடோரம்’ விரல்களுக்குரியது, ‘பொலிசிஸ்’ கட்டைவிரலுக்குரியது. ‘ரேடியாலிஸ்’ கட்டைவிரல் பக்கம், ‘அல்னாரிஸ்’ சுண்டுவிரல் பக்கம். ‘லாங்கஸ்’ நீளம், ‘பிரெவிஸ்’ குட்டை, ‘டெரெஸ்’ உருண்டு நீண்டது, ‘குவாட்ராடஸ்’ நாற்சதுரம்.

இப்போது ‘எக்ஸ்டென்சர் கார்ப்பை ரேடியாலிஸ் பிரெவிஸ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டை நீட்டி நிமிர்த்துவது, கட்டைவிரல் பக்கம் இருப்பது, இரண்டில் குட்டையானது. ‘டென்னிஸ் எல்போ’ என்ற முழங்கை வலியில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது இதன் நாண்தான். டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும் அது வரும். துணி பிழிபவர்கள், சுத்தியல் பிடிப்பவர்கள், நாள் முழுக்க மவுஸ் பிடித்து வேலை செய்பவர்கள் ஆகியோர் முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறது என்று வந்தால் மருத்துவர் முதலில் அழுத்திப் பார்ப்பது இந்தத் தசை தொடங்கும் இடத்தைத்தான்.